பூஜையில் வைத்த ஃபோல்டர்

"அங்கிள், அந்தக் கம்ப்யூட்டர ஒரு தடவ ஆஃப் பண்ணணும்."

லோகேஸ்வரி இதைச் சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனாலும் ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்த வாணியக்காவின் கத்தரிக்கோல் வாயைப் பிளந்தபடி பாதியில் நின்றது. கல்லாவில் இருந்த முதலாளியின் மனைவி தெய்வானை ஆச்சி தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முதலாளி சோலையப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, இப்படி ஒரு வார்த்தையைச் சொன்ன வாய் பக்கத்தில் பார்த்தால் எப்படி இருக்கும் என்று பார்ப்பவர்போல அவளைப் பார்த்தார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வாணியக்கா சொல்லித்தான் வைத்திருந்தாள். "இந்தா பாரு லோகா, லீவு கேளு. சம்பளத்தக் கூட்டிக் கேளு. பாஸோட வண்டியக்கூடக் கேளு. தருவாரோ மாட்டாரோ, கோவிச்சுக்க மாட்டாரு. அந்தக் கம்ப்யூட்டர மட்டும் ஆஃப் பண்ணச் சொல்லிடாத."

பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் வரிசையாக இருக்கும் தெருவில், ஒரு மாடி ஏறிப் போனால் சோலையப்பன் கார்ட்ஸ். கல்யாணம், காதுகுத்து, புதுமனை, பதினாறாம் நாள் காரியம், எதற்கும் கார்டு அங்கே அடிக்கலாம். எல்லாக் கார்டும் பிறப்பது ஒரே கம்ப்யூட்டரில். வாங்கியபோது வெள்ளையாக இருந்ததாம். இப்போது பழுத்த பூவன் பழ நிறம். உள்ளே விண்டோஸ் எக்ஸ்பி. மானிட்டரின் நெற்றியில் மூன்று கோடு விபூதி, நடுவில் குங்குமம். பெட்டியின் தலையில் ஒரு எலுமிச்சம்பழம். அது எந்த ஆட்சியில் வைத்ததோ, காய்ந்து சுருங்கி ஜாதிக்காய் மாதிரி ஆகியிருந்தது.

பல வருடத்துக்கு முன்னால் ஒரு தீபாவளிக்கு அதை ஆஃப் செய்துவிட்டு நான்கு நாள் கடையைப் பூட்டியிருக்கிறார்கள். திரும்பி வந்து ஆன் செய்து, வாணியக்கா அவசரத்தில் வேறொரு ஃபைலைத் திறந்து அச்சுக்கு அனுப்ப, செமினி ஊர்ப் பெண்ணுக்குச் செராஸ் ஊர்ப் பெண்ணின் மாப்பிள்ளை பெயரோடு ஐந்நூறு கார்டு வந்துவிட்டது. செமினிக்காரர் அரிவாளைத் தவிர மற்றதையெல்லாம் எடுத்துக்கொண்டு வந்தார். குற்றம் யாருடையது என்று ஆச்சி ஒரு ராத்திரி முழுக்க யோசித்து, மறுநாள் தீர்ப்புச் சொன்னார். "ஆஃப் பண்ணதாலதான் மாப்பிள்ள மாறிப்போச்சு." அன்றிலிருந்து அது அணைந்ததே இல்லை. கரண்ட் போனால் தாங்குவதற்கு ஒரு பேட்டரிப் பெட்டி, அந்தப் பெட்டிக்கு ஏதாவது ஆனால் தாங்குவதற்கு இன்னொரு பேட்டரிப் பெட்டி.

லோகேஸ்வரிக்கு இதையெல்லாம் கேட்கக் கேட்க ரத்தம் கொதித்தது. அவளுக்கு எதைக் கேட்டாலும் கொதிக்கும். ஆனால் இதற்குக் கொதிப்பதில் நியாயம் இருந்தது. அவள் கம்ப்யூட்டர் சயன்ஸ் பட்டதாரி. கிள்ளானில் அவள் வீட்டு வழியில் டிகிரி வாங்கிய முதல் ஆள். பட்டமளிப்புப் படம் வீட்டுக் கூடத்தில் சாமி படத்தைவிடப் பெரிதாகத் தொங்கியது. அப்பா கன்னையா லோரி ஓட்டுகிறவர். இன்டர்வியூவில் சோலையப்பன் அவள் சான்றிதழை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, "கம்ப்யூட்டர் சயன்ஸா? ரொம்ப நல்லது. ரிப்பன் கட்டத் தெரியுமா?" என்று கேட்டார்.

அப்போதே எழுந்து போயிருப்பாள். அவர் அடுத்துச் சொன்னதுதான் பிடித்து உட்கார வைத்தது. "மொதல்ல கட வேலையப் பழகு. அப்புறம் இந்த மிஷினுக்கு ஒழுங்கா ஒரு பேக்கப் எடுத்துக் குடு. அன்னிலேருந்து நீதான் சிஸ்டம் மேனேஜர். வெப்சைட், ஆன்லைன் ஆர்டர், எல்லாம் ஒன் கையில."

சிஸ்டம் மேனேஜர். அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் அவள் தினமும் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் நின்றுகொண்டே வந்து, ரிப்பன் கட்டி, கவரில் மஞ்சள் தடவி, பகல் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். படித்த வேலையைச் செய்ய விடுவார்கள் என்ற ஒரே நம்பிக்கை. அப்பாவோ அதற்குள் கிள்ளான் துறைமுகத்தில் உள்ள லோரிக்காரர் அத்தனை பேரிடமும் மகள் மேனேஜராகிவிட்டதாகச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தாயிற்று. பேக்கப் எடுக்கிறேன் என்று அவள் கேட்கும்போதெல்லாம் சோலையப்பன் "நல்ல நாள் பாத்துச் சொல்றேன்" என்பார். அவர் பார்த்த நாட்காட்டியில் நல்ல நாளே இல்லை.

இப்போது அந்த வாரம் முழுக்கக் கம்ப்யூட்டர் ட்டிக் ட்டிக் என்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது.

"ஆஃபா? எதுக்கு ஆஃபு?" என்றார் சோலையப்பன்.

"சத்தம் கேக்கலயா அங்கிள்?"

"அது பல்லி" என்றார் ஆச்சி. "நான் அப்பவே சொன்னேன். வடக்கு மூலையில சொல்லுது. வடக்குல சொன்னா வரவு."

"பல்லி இல்ல ஆச்சி, ஹார்டு டிஸ்க். சாகப் போவுது."

"ஐயோ, வெளக்கு வெக்கிற நேரத்துல என்ன வார்த்த பேசுது இந்தப் பொண்ணு!"

"மத்தியானம் மூணு மணி ஆச்சி."

சோலையப்பன் கையை உயர்த்தினார். "லோகா, ஆஃப் கெடையாது. பேக்கப்தானே? எடு. இன்னிக்கே எடு. ஆனா ஆஃப் பண்ணாம எடு."

இவ்வளவு நாள் கிடைக்காத அனுமதி கிடைத்ததே பெரிது என்று அவள் உட்கார்ந்தாள். முதலில் கொண்டுவந்த பேக்கப் மென்பொருள் எக்ஸ்பியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இந்த வயதானவர்களோடு நான் பழகுவதில்லை என்று கண்ணியமாக ஒரு பெட்டியில் எழுதிக் காட்டிவிட்டு மூடிக்கொண்டது. இரண்டாவது பாதி வரை ஏறி மயங்கியது. கடைசியில் அதே மென்பொருளின் மிகப் பழைய பதிப்பு ஒன்றைத் தேடி எடுத்து, பென் டிரைவில் போட்டு ஏற்றினாள். ஏறி முடிந்ததும், கம்ப்யூட்டரை இப்போதே ரீஸ்டார்ட் செய்யட்டுமா என்று ஒரு கேள்வி வந்தது.

"அலாமாக்! வேணாம்னு அமுக்கு! வேணாம்னு அமுக்கு!" என்று வாணியக்கா அலறியதில் கீழே பூக்கடைக்காரர் மேலே எட்டிப் பார்த்தார்.

வேண்டாம் என்றே அமுக்கினாள். மென்பொருள் ஃபைல்களை எண்ணத் தொடங்கியது. எண்ணியது, எண்ணியது, எண்ணிக்கொண்டே இருந்தது. முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும் என்றது. பிறகு இரண்டு நாள் என்றது. பிறகு அதற்கே சந்தேகம் வந்து இரண்டு வருடம் என்றது. ஒரு சின்னக் கார்டு கடையில் அப்படி என்னதான் இருக்கிறது? அவள் யோசிப்பதற்குள், ஃபைலின் முகவரி தாங்க முடியாத அளவு நீளமாக இருக்கிறது என்று சிவப்பில் ஒரு பெட்டி வந்து எல்லாம் நின்றது.

இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்த ஒரு ஃபைல் மேனேஜரைப் போட்டுத் திறந்து பார்த்தாள். மேலே 'சிவமயம்' என்று ஒரு ஃபோல்டர். காலி. அதன் கீழே 'சரஸ்வதி பூஜை' என்று வருடத்துக்கு ஒரு ஃபோல்டர். கடைசி வருடத்து ஃபோல்டருக்குள் போனாள். அங்கே அந்த வருடத்துக் கார்டுகளோடு முந்தைய வருடங்களின் பூஜை ஃபோல்டர்கள் அத்தனையும் இருந்தன. அதில் ஒன்றுக்குள் போனாள். அங்கேயும் அதற்கு முந்தையவை அத்தனையும். பூஜைக்குள் பூஜை, பூஜைக்குள் பூஜை என்று போய்க்கொண்டே இருந்தது. அடியில், எல்லா வழியும் போய் முடிகிற இடத்தில், சுகுமாறன் என்கிற ஒரு மாப்பிள்ளையின் கார்டு.

சுகுமாறனைத் தேடச் சொன்னாள். அதே சுகுமாறன் ஆயிரக்கணக்கில் வந்து நின்றார்.

"அக்கா, என்னக்கா இது?"

வாணியக்கா பெருமையோடு பக்கத்தில் வந்து நின்றாள். "அதுவா? சரஸ்வதி பூஜைக்கு ஆயுதத்தையெல்லாம் சாமிகிட்ட வெக்கிறோம்ல? கத்தரிக்கோல் வெக்கிறோம், ஸ்கேல் வெக்கிறோம். கம்ப்யூட்டர் உள்ள இருக்கிறத எப்படி வெக்கிறது? அதான் டெஸ்க்டாப்புல இருக்கிற எல்லாத்தையும் காப்பி பண்ணி, பூஜ ஃபோல்டர்ல போட்டு, ஸ்கிரீன்ல சரஸ்வதி படம் போட்டு வெச்சுடுவோம். பாஸோட ஐடியா. வருஷா வருஷம் தவறாம செய்றேன்."

"எல்லாத்தையும்னா, போன வருஷத்து பூஜையையும் சேத்தா?"

"பின்ன? போன வருஷத்து சாமிய வெளிய விடலாமா?"

"அப்ப ஒவ்வொரு வருஷமும் டபுள் ஆகும்லக்கா! இடம் பத்தியிருக்காதே?"

"பத்தாதுதான். பத்தலன்னா பழைய கஸ்டமர் கார்டு கொஞ்சத்த வெளியிலேருந்து அழிச்சிடுவேன். பூஜையில இருக்கிறதத் தொடமாட்டேன்லா. எனக்கென்ன பைத்தியமா?"

லோகேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். நான்கு வருடம் பல்கலைக்கழகத்தில் படித்ததில் இதற்குப் பெயர் எந்தப் பாடத்திலும் வரவில்லை.

அவள் சோலையப்பனிடம் போய், நகல்களை அழித்தால் கம்ப்யூட்டருக்கு மூச்சு வரும், ஒவ்வொரு கார்டிலும் ஒன்று மட்டும் இருந்தால் போதும், பேக்கப் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று பொறுமையாக விளக்கினாள். அவளிடம் இருந்த பொறுமை அவ்வளவுதான். அவர் பதில் சொல்வதற்குள் கல்லாவிலிருந்து ஆச்சியின் குரல் வந்தது.

"அழிக்கிறதா? பூஜையில வெச்சத யாராவது குப்பையில போடுவாங்களா? பழைய சாமி படத்த என்ன செய்வோம்? ஓடுற தண்ணியில விடுவோம். அதான் மொற."

"அப்ப ஒரு ஹார்டு டிஸ்க்ல போட்டுத் தரேன், கொண்டுபோய்க் கிள்ளான் ஆத்துல விடுங்க!" என்று சீறினாள் லோகேஸ்வரி.

கடையில் யாரும் சிரிக்கவில்லை. சோலையப்பன் தாடையைத் தடவினார். ஆச்சி அவரைப் பார்த்தார். அவர் ஆச்சியைப் பார்த்தார்.

"பொண்ணு படிச்ச பொண்ணுதான்" என்றார் ஆச்சி.

"ஆச்சி, நான் கோவத்துல சொன்னேன். ஆத்துல ஹார்டு டிஸ்கெல்லாம் போடக்கூடாது. யாராவது பாத்தா சம்மன் குடுப்பாங்க."

"நல்ல வாக்கு யார் வாயிலேருந்தும் வரும். வந்தத மாத்தக்கூடாது" என்று சோலையப்பன் முடித்துவிட்டார். மறுநாளே கணினிக் கடைக்கு ஆள் அனுப்பி இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கிவிட்டார். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை.

வியாழக்கிழமை முழுக்க லோகேஸ்வரி அதிலேயே உட்கார்ந்திருந்தாள். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும், வேலை என்று வந்தபோது கை இனித்தது. பூஜை ஃபோல்டர்களை எல்லாம் கறுப்பு டிஸ்க்குக்குத் தள்ளினாள். நகல் கழிந்து மிச்சம் இருந்த உண்மையான கார்டுகளை வருடவாரியாக, ஊர்வாரியாக அடுக்கினாள். வாணியக்கா வெளியிலிருந்து அழித்த பழைய கார்டுகளைப் பூஜைக்குள் இருந்து தேடிப் பிடித்துச் சேர்த்தாள். கடையின் மொத்த வாழ்வும் ஒரு சின்ன மூட்டையாகிவிட்டது. அதை வெள்ளை டிஸ்க்கில் பேக்கப் எடுத்து, திறக்கிறதா என்று சோதித்து, மேலே கறுப்பு மையில் 'கடை' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். 

"அங்கிள், கறுப்பு ஆத்துக்கு. வெள்ள கடைக்கு. சரியா?"

"சரிம்மா, சரிம்மா."

"இன்னொண்ணு. எல்லா காப்பியும் ஒரே எடத்துல இருக்கக்கூடாது. கட தீப்பிடிச்சா ரெண்டும் போயிடும். ஒண்ணு வேற எடத்துல இருக்கணும். என் லேப்டாப்புல ஒரு காப்பி எடுத்து வீட்டுல வெக்கிறேன். உங்களுக்கு ஓகேயா?"

சோலையப்பன் அப்போது ஃபோனில் காகித வியாபாரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவள் எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் வந்தபோது ஆற்று வேலை முடிந்திருந்தது. ஆச்சியும் சோலையப்பனும் விடியலில் பிரிக்பீல்ட்ஸ் பின்னால் ஓடும் கிள்ளான் ஆற்றுக்குப் போய், தே தாரிக் டீயின் நிறத்தில் ஓடிய தண்ணீரில் டிஸ்க்கை விட்டுவிட்டு, தலைமுழுகி வந்திருந்தார்கள். நல்ல நேரமும் குறித்தாயிற்று. பூஜையில் வைத்ததை முறையாக அனுப்பிவிட்டதால் இனி ஆஃப் செய்தால் தோஷமில்லை என்று ஆச்சிக்கே தோன்றியிருந்தது. லோகேஸ்வரி கேட்டது கிடைக்கப்போகிறது. ஆஃப் செய்து, டிஸ்க்கைச் சோதித்து, ஆன் செய்தால் வேலை முடிந்தது. சோலையப்பன் அவளைப் பார்த்து, "மேனேஜரம்மா, ரெடியா?" என்றுகூடக் கேட்டார். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதை மறைக்கக் குனிந்து வயரைச் சரி செய்தாள்.

அந்த நேரம் பார்த்து கமலநாதன் படியேறி வந்தார். செலாயாங் மொத்தச் சந்தையில் காய்கறி வியாபாரம். மகள் கல்யாணக் கார்டு அன்று அச்சுக்குப் போக வேண்டும். புதன்கிழமை வாணியக்காவின் பக்கத்திலேயே உட்கார்ந்து கடைசித் திருத்தம் போட்டுவிட்டுப் போனவர்.

"என்ன பாஸ், கற்பூரம்லாம்? கடைக்குப் பொறந்த நாளா?"

"ஒரு நிமிஷம் பாஸ், உக்காருங்க" என்று சோலையப்பன் கற்பூரத்தை மானிட்டரைச் சுற்றி மூன்று முறை காட்டினார். ஆச்சி தேங்காய் உடைத்தார். வாணியக்கா மூக்கை உறிஞ்சினாள். லோகேஸ்வரி ஆஃப் செய்தாள்.

இத்தனை வருடமாகக் காதுக்குப் பழகிப்போயிருந்த இரைச்சல் நின்றதும் கடையில் ஒரு பெரிய அமைதி வந்தது. கீழே பஸ் போவது கேட்டது. மறுபடி பொத்தானை அமுக்கினாள். விசிறி சுற்றியது. ட்டிக் என்றது. ட்டிக் ட்டிக் என்றது. பிறகு யாரோ பாத்திரத்தைச் சுரண்டுவதுபோல ஒரு நீளமான சத்தம். திரை கறுப்பாகவே இருந்தது. 

"நான் சொன்னேன்ல!" என்று சோலையப்பன் தலையில் கை வைத்தார். "மாப்பிள்ள மாறிப்போச்சுன்னா என்ன செய்வேன்!"

"என்னது, மாப்பிள்ள மாறிடுச்சா?" கமலநாதன் எழுந்துவிட்டார்.

"யாரும் மாறல அங்கிள். டிஸ்க் செத்துப்போச்சு. அதுக்குத்தானே பேக்கப்?" லோகேஸ்வரிக்குப் பதற்றமே இல்லை. உள்ளே கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. இப்போது தெரியும் இவர்களுக்கு. மேசை டிராயரைத் திறந்தாள். உள்ளே ஒரு டிஸ்க் இருந்தது. கறுப்பு டிஸ்க்.

"ஆச்சி, வெள்ள எங்க?"

"அதான் ஆத்துல விட்டாச்சே."

"வெள்ளையா?"

"பின்ன? மங்கள காரியத்துக்குப் போய் யாராவது கறுப்பக் கையில எடுப்பாங்களா? வெள்ளதான் லட்சணமா இருந்துச்சு. மஞ்சப் பூசி, பொட்டு வெச்சு, பட்டுத்துணியில சுத்தி விட்டேன். அழகாப் போச்சு. ரெண்டுலயும் காப்பிதானே லோகா, எது போனா என்ன?"

"அதுல 'கடை'னு எழுதியிருந்துச்சே ஆச்சி!"

"ஆமா, எழுதியிருந்துச்சு. நம்ம கட பேர்ல அனுப்புறோம்னு நெனச்சேன். அர்ச்சனைக்குப் பேர் குடுக்கிறது இல்லயா?"

கமலநாதனுக்கு விஷயம் மெல்லப் புரிந்தது. புரியப் புரிய அவர் குரல் ஏறியது. "பாஸ், என் கார்டு எங்க? அந்தக் கார்டுல அன்புடன் அழைக்கும்னு போட்டு கீழ எத்தன பேர் இருக்குத் தெரியுமா? யார் பேரு மொதல்ல வரணும்னு ரெண்டு பக்கமும் அடிச்சுக்கிட்டுப் போன வாரம்தான் சமாதானம் ஆனாங்க! சின்னையா மாமா பேரு கீழ எறங்கினதுக்கு மலர் அத்த பேர மேல ஏத்தி, அதுக்கு ஈடா இன்னொருத்தருக்கு எழுத்தப் பெருசாக்கி, அவ்வளவு கணக்கு! என் வாட்ஸ்அப்புல நூறு ப்ரூஃப் இருக்கு, எது கடைசின்னு எனக்கே தெரியாது. மறுபடியும் ஆரம்பிச்சா கல்யாணமே நின்னுடும் பாஸ்!"

கறுப்பு டிஸ்க்கில் அந்தக் கார்டு இல்லை. அது போன சரஸ்வதி பூஜைக்கு அப்புறம் வந்தது. லோகேஸ்வரி மெல்லச் சொன்னாள். "அங்கிள், பயப்படாதீங்க. வீட்டுல என் லேப்டாப்புல ஒரு காப்பி இருக்கு. கமலநாதன் சார் கார்டும் அதுல இருக்கு."

எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விடுவார்கள் என்று நினைத்தாள். சோலையப்பன் நெற்றியைச் சுருக்கினார்.

"யாரக் கேட்டு எடுத்துட்டுப் போன?"

"உங்களத்தான் கேட்டேன். தலைய ஆட்டினீங்க."

"நான் ஃபோன்ல பேப்பர்காரனுக்குத் தலைய ஆட்டியிருப்பேன். எங்க கட ஃபைலு கிள்ளான்ல, உங்க வீட்டுல என்ன பண்ணுது? நாளைக்கு நீயே அங்க ஒரு கார்டு கட போட்டா?"

"விடுங்க, விடுங்க" என்று ஆச்சி கையெடுத்துக் கும்பிட்டார். "நல்லவேள, திருடிட்டுப் போயிருக்கா!"

லோகேஸ்வரி வாயைத் திறந்தாள். கமலநாதன் முகம் தெரிந்தது. மூடிக்கொண்டு படியிறங்கினாள்.

கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ஏறி, கிள்ளான் வந்து, வீட்டுக்குள் நுழையும்போது அப்பா லோரியை வாசலில் நிறுத்திவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "என்ன மேனேஜரு, பாதி நாள்ல?" என்றார். அவள் நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். கன்னையா கடைசிவரை கேட்டார். பிறகு சாதத்தைப் பிசைந்தபடி, "ஆத்துலதானே விட்டாங்க? அது நேரா நம்ம பக்கம்தானே வரும். இன்னேரம் கோத்தா பாலம் தாண்டியிருக்கும். நீ எதுக்கு டிக்கெட் போட்டு வந்த?" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் அழுகை வரும்போல இருந்தது. "என்னத் திருடின்னு சொன்னாங்கப்பா."

கன்னையா பிசைவதை நிறுத்தினார். "நான் எல்லார்கிட்டயும் மேனேஜர்னு சொல்லிட்டேனே" என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, அவனுங்க என்னோட டீயக் குடிச்சவனுங்கதானே. வேற ஏதாச்சும் சொல்லிக்கலாம்" என்று முடித்தார்.

திரும்பிப் போகும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அவள் யோசித்தாள். போகாமல் இருந்துவிட்டால்? பாவம், அந்தப் பெண் யாரோ. மாமா பெயரும் அத்தை பெயரும் இடம் மாறியதற்காக அவள் கல்யாணம் ஏன் நிற்க வேண்டும்? வேலையை முழுசாக முடித்துக் கொடுப்பது. அதன்பின் ஒரு நிமிடம்கூட அங்கே இருப்பதில்லை. சிஸ்டம் மேனேஜர் என்றாலும் சரி, சிஸ்டத்தின் மாமியார் என்றாலும் சரி. சுபாங் ஜெயா ஸ்டேஷன் வருவதற்குள் முடிவு பழகிப்போய், உடம்பு லேசாகிவிட்டது.

போகிற வழியில், மறுபடியும் ஆற்றுக்குக் கிளம்பிவிடக்கூடிய ஆச்சியை நினைத்து, அவளே இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கிக்கொண்டாள். இரண்டும் கன்னங்கரேல்.

கடையில் சோலையப்பன் மகன் வைத்துவிட்டுப் போன புது லேப்டாப் ஒன்று பிரிக்காமலேயே இருந்தது. அதில் எல்லாவற்றையும் இறக்கினாள். கமலநாதன் கார்டைத் திறந்தாள். அவர் திரைக்கு மூக்கை ஒட்டி வைத்து ஒவ்வொரு பெயராக விரலால் தொட்டுப் படித்தார். சின்னையா மாமா கீழே. மலர் அத்தை மேலே. எழுத்துப் பெருசானவர் பெருசாகவே. "ஆண்டவன் இருக்கான் பாஸ்!" என்று ஆச்சி காலில் விழப்போனார். ஆச்சி ஆசீர்வாதம் செய்தார். கார்டு அச்சுக்குப் போனது.

லோகேஸ்வரி எழுந்திருக்கவில்லை. வாணியக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்து, பேக்கப்பை எப்படி ஓட விடுவது, எடுத்தது திறக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று இரண்டு முறை காட்டினாள். மூன்றாவது முறை வாணியக்காவையே செய்ய விட்டாள். 

"இதுதானா? இதுக்காடி இவ்ளோ ஆர்ப்பாட்டம்?" என்றாள் வாணியக்கா.

"இவ்ளோதான்கா. இந்தா, ஒரு டிஸ்க் கடைக்கு. இன்னொண்ணு அங்கிள் வீட்டுக்கு. ரெண்டும் கறுப்பு. மங்கள காரியத்துக்கு ஆகாது."

பிறகு எல்லோரும் பார்க்கும்படி தன் லேப்டாப்பைத் திருப்பி வைத்து, கடை ஃபோல்டரை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்தாள். 

சோலையப்பனுக்கு மனசு குளிர்ந்திருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நின்றார். கார்டு கடைக்காரர் என்பதால் அவருக்கு எதையும் விழா மாதிரிதான் சொல்ல வரும். "லோகா, நான் வாக்கு மாறுறவன் இல்ல. இன்னிலேருந்து நீதான் சிஸ்டம் மேனேஜர். கதவுல பேர் போட்டுத் தரேன். தங்க எழுத்துல." கொஞ்சம் நிறுத்தினார். "ஒரே ஒரு கண்டிஷன். தெனமும் வீட்டுக்குப் போறப்ப பையத் தெறந்து ஆச்சிகிட்ட ஒரு தடவ காட்டிட்டுப் போ. சந்தேகம்னு நெனக்காத. ஒரு ஒழுங்குக்குத்தான்."

"தேவப்படாது அங்கிள். நான் நாளைக்கு வரல."

"நாளைக்கு லீவா? எடுத்துக்க, எடுத்துக்க. களைப்பா இருப்ப."

"நாளைக்கும் வரல, திங்கக்கெழமையும் வரல. ரயில்லயே முடிவு பண்ணிட்டேன். வேல பாதியில நிக்கக்கூடாதுன்னுதான் திரும்பி வந்தேன்."

சோலையப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தங்க எழுத்துலம்மா!"

"அதுல வாணியக்கா பேரப் போடுங்க. அக்காவுக்கு இப்ப எல்லாம் தெரியும்."

"எம் பேரா?" வாணியக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா பாஸ்?"

லோகேஸ்வரி லேப்டாப்பைப் பையில் வைத்து மூடினாள். கல்லாவைக் கடக்கும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று ஆச்சி பையைப் பார்க்கக் கை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, படியிறங்கித் தெருவுக்கு வந்து, ஸ்டேஷன் பக்கம் நடந்தாள்.